“சூம் எப்படிப் போகுது, தம்பி?”

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அம்மா சூமில் வருவா. 2020 மார்ச்சில் தொடங்கிய பழக்கம், இப்பவும் விடவில்லை. அம்மா இருப்பது எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிடக் கார் ஓட்டத்தில், ஸ்காபரோவில்தான். ஆனாலும் ஞாயிறு காலை என்றால் சூம்தான். முதல் கேள்வி, “பிள்ளை சாப்பிட்டிட்டாளோ?” இரண்டாவது கேள்வி, “சூம் எப்படிப் போகுது, தம்பி?”

இரண்டாவது கேள்வி நாங்கள் பேசிக்கொண்டிருக்கும் செயலியைப் பற்றியது அல்ல. அந்தக் கம்பனியின் பங்கைப் பற்றியது. இன்னும் சரியாகச் சொன்னால், சீட்டு எடுத்து என்னிடம் தந்த 7,000 டொலரைப் பற்றியது.

நாலு வருஷமாக நான் சொன்ன பதில் ஒன்றுதான். “பரவாயில்லை அம்மா. கொஞ்சம் இறங்கித்தான் கிடக்கு. திரும்ப ஏறும்.”

அந்தக் ‘கொஞ்சம்’ உண்மையில் எவ்வளவு, அதை நான் ஏன் அவவிடம் மறைத்தேன் என்பதுதான் இந்த மாதப் பத்தி. முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் நிதி ஆலோசகர் இல்லை. சொஃப்ட்வெயர் எழுதுகிற ஆள். அதனால்தான் விழுந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

நல்ல சாமான், நல்ல கதை

அந்த வருஷத்தை நினைத்துப் பாருங்கள். மகளுக்கு அப்போது ஐந்து வயது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு சூமில், பரதநாட்டிய வகுப்பு சூமில். யாழ்ப்பாணத்தில் பெரியப்பா காலமானபோது பாரிஸில் இருந்த மச்சாளும், லண்டனில் இருந்த சித்தப்பாவும், நாங்களும் செத்தவீட்டைப் பார்த்ததும் சூமில்தான். அங்கே பெடியன் ஒருவன் கைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்றான். சிக்னல் சரியில்லை. படம் மங்கியது, ஆனால் அறவில்லை. கடைசிவரை பார்த்தோம்.

படம் ஏன் அறவில்லை என்பது எனக்குத் தெரியும். முதுகலையில் நான் படித்தது வலைப்பின்னல்கள் பற்றித்தான். பழைய வீடியோக் கூட்ட முறைகளில், நடுவில் இருக்கும் சேர்வர் எல்லோருடைய முகங்களையும் கலந்து, ஒரே படமாக்கி, ஒவ்வொருவருக்கும் அனுப்பும். அதற்குப் பெரிய கணினிப் பலம் வேண்டும், தாமதமும் கூடும். சூம் அப்படிக் கலப்பதில்லை. ஒவ்வொருவருடைய வீடியோவும் அடுக்கடுக்காகப் போகும். அடியில் மங்கலான ஓர் அடுக்கு, அதன்மேல் தெளிவைக் கூட்டும் அடுக்குகள். நடுவில் உள்ள சேர்வர், யாருடைய இணைப்பு எவ்வளவு தாங்குமோ அவ்வளவு அடுக்கை மட்டும் அவருக்கு அனுப்பும். அதனால்தான் யாழ்ப்பாணத்துக் கைபேசி மங்கியும் அறாமல் நின்றது.

கம்பனியை உருவாக்கிய எரிக் யுவானின் கதையும் எங்கள் வீடுகளில் எடுபடும் கதை. சீனாவில் பிறந்தவர். அமெரிக்க விசா எட்டுத் தடவை மறுக்கப்பட்டு, ஒன்பதாவது தடவை கிடைத்து, 1997இல் கலிஃபோர்னியா வந்தார். வெப்எக்ஸ் கம்பனியில் பொறியியலாளராக இருந்து, அதைச் சிஸ்கோ வாங்கிய பின் அங்கும் வேலை செய்து, 2011இல் வெளியேறிச் சொந்தமாகத் தொடங்கினார். அம்மாவுக்கு இந்தக் கதையைச் சொன்னபோது, “எட்டுத்தரம் மறுத்தும் விடேல்லையே!” என்று வாயில் கை வைத்தா. விசாவுக்கு அலைந்த சனம் அல்லவா நாங்கள்.

பங்கு 2019 ஏப்ரல் 18இல் 36 டொலர் விலையில் சந்தைக்கு வந்தது. முதல் நாள் முடிவிலேயே 62. 2020 ஜனவரி முடிவில், பெருந்தொற்று எங்கள் பக்கம் வரமுன், 76 டொலர். பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். 2019 டிசம்பரில் நாளொன்றுக்கு 10 மில்லியன் பேர் என்றிருந்த கணக்கு, 2020 ஏப்ரலில் 300 மில்லியன் ஆனது. இந்த 300 மில்லியனை முதலில் ‘பயனர்கள்’ என்று அறிவித்த கம்பனி, பிறகு ‘கூட்டங்களில் பங்குபற்றியவர்கள்’ என்று திருத்திக்கொண்டது. ஒரே ஆள் ஒரு நாளில் மூன்று கூட்டத்துக்குப் போனால் மூன்று. நான் 300 என்ற இலக்கத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டேன். திருத்தத்தை வாசித்தும் வாசிக்காததுபோல் கடந்துபோனேன்.

அந்த மார்ச் மாதம் நடந்த ஒரு கூத்தையும் சொல்ல வேண்டும். ‘சூம் டெக்னோலஜீஸ்’ என்று வேறொரு சின்னக் கம்பனி இருந்தது. இதற்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் சந்தையில் அதன் நான்கு எழுத்துக் குறியீடு ‘சூம்’ என்றே இருந்தது. எங்கள் சூமின் குறியீடோ ‘இசட் எம்’. 2015க்குப் பிறகு கணக்கே காட்டாத அந்தக் கம்பனியின் பங்கைச் சனம் பெயரைப் பார்த்து வாங்கித் தள்ளியது. விலை பல மடங்கு ஏறியது. கடைசியில் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் தலையிட்டு, மார்ச் 26இல் அதன் வணிகத்தை இடைநிறுத்தியது. உறவினர்களின் வட்ஸ்அப் குழுவில் நாங்கள் இதைப் போட்டுச் சிரித்தோம். என்ன வாங்குகிறோம் என்று தெரியாமல் வாங்குகிறார்களே என்று.

அவர்களுக்குக் குறியீடு தெரியவில்லை. எனக்குக் குறியீடு தெரிந்திருந்தது. வேறு பெரிய வித்தியாசம் இல்லை.

510 டொலர்

2020 ஓகஸ்ட் 31. சூம் காலாண்டுக் கணக்கை வெளியிட்டது. வருமானம் முந்தைய ஆண்டைவிட 355 சதவீதம் கூட. மறுநாள் ஒரே நாளில் பங்கு 40 சதவீதம் ஏறி 457 டொலரில் நின்றது. ஒக்டோபர் 19இல் 568. வட்ஸ்அப் குழுவில் ஒரு மச்சான் தன் செயலியின் படத்தைப் போட்டான், முழுவதும் பச்சை. “நீ கம்ப்யூட்டர் படிச்சனி, நீ இன்னும் வாங்கேல்லையோ?” என்று கேட்டான்.

நான்கு நாள் கழித்து விலை 510க்கு வந்தது. ‘தள்ளுபடி’ என்று நினைத்தேன். டிஎஃப்எஸ்ஏ கணக்கில் 14 பங்கு வாங்கினேன். அந்த வருஷம் மகளின் படிப்புச் சேமிப்புக் கணக்குக்குப் போடவேண்டிய 2,500 டொலரும் அதற்குள் போனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சூமில் அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா முதலில் கேட்டது, “நாங்கள் கதைக்கிறமே, உதின்ர பங்கோ?” பிறகு கொஞ்சம் யோசித்தா. “சீட்டுக் காசு கிடக்கு, தம்பி. பாங்கில கிடந்து என்ன? எனக்கும் போட்டுவிடு. பேத்தியின்ர சாமத்தியவீட்டுக்கு உதவும்.” மறுநாளே 7,000 டொலரை எனக்கு மாற்றிவிட்டா. அமெரிக்க டொலருக்கு மாற்றும் கட்டணமும் போக, அது சரியாகப் பத்துப் பங்கு.

அப்போது நான் கேட்டிருக்கவேண்டிய ஒரு கேள்வியை நாலு வருஷம் கழித்து அம்மாதான் கேட்டா. அதைப் பிறகு சொல்கிறேன்.

இன்னொன்றையும் அப்போது நான் கவனிக்கவில்லை. எங்கள் குடும்பம் சூமுக்கு ஒரு சதம்கூடக் கட்டியதில்லை. இலவசக் கணக்கில் 40 நிமிடம் முடிந்ததும் கூட்டம் அறுந்துவிடும். எல்லோரும் வெளியே வந்து, அதே இணைப்பை அமத்தித் திரும்பவும் உள்ளே போவோம். பெரியப்பாவின் செத்தவீட்டன்றும் அப்படித்தான். மாதக் கட்டணம் கட்ட மனமில்லாத நாங்கள், பங்கு ஒன்றுக்கு 510 டொலர் கொடுத்தோம்.

தடுப்பூசி வந்த நாள்

நவம்பர் 9, திங்கட்கிழமை. ஃபைசர் தடுப்பூசி 90 சதவீதத்துக்கு மேல் வேலை செய்கிறது என்று காலையில் செய்தி வந்தது. அம்மா உடனே தொலைபேசி எடுத்தா. அம்மாவுக்கு நீரிழிவு. எட்டு மாதமாகப் பேத்தியை ஜன்னலுக்கு வெளியே நிற்கவைத்துத்தான் பார்த்துக்கொண்டிருந்தா. “தம்பி, ஊசி வந்திட்டுதாம்! கெதியில பிள்ளையைத் தூக்கலாம்” என்று அழுதா.

நான் “ஓம் அம்மா, ஓம் அம்மா” என்றேன். கண் மற்றக் கையில் இருந்த திரையில். ஒரே நாளில் சூம் 17 சதவீதம் விழுந்து 413க்கு வந்துகொண்டிருந்தது. அன்றைக்கு என் மனதில் முதலில் வந்தது சந்தோஷம் இல்லை. இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் எழுதாவிட்டால் இந்தப் பத்திக்கு அர்த்தமில்லை. அம்மா வீட்டுக்குள்ளேயே அடைபட்டிருந்தால்தான் நான் வாங்கிய பங்கு ஏறும் என்ற இடத்தில் நானே போய் நின்றிருந்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சில மாதத்துக்கும் ஒரு புது நம்பிக்கை. முதலில், “வீட்டிலிருந்து வேலை இனி நிரந்தரம்.” 2021 ஜூலையில் ஃபைவ்நைன் என்ற அழைப்பு மையக் கம்பனியை 14.7 பில்லியன் டொலருக்கு வாங்கப்போவதாகச் சூம் அறிவித்தது. “இனி இதுதான் வளர்ச்சி” என்றோம். அடுத்த மாதம், சராசரி விலையைக் குறைக்கிறேன் என்று சொல்லி, 380 டொலருக்கு இன்னும் பத்துப் பங்கு வாங்கினேன். செப்டம்பர் 30இல் ஃபைவ்நைனின் பங்குதாரர்கள் அந்த இணைப்பை நிராகரித்தார்கள்.

2022 ஜூனில் விலை 110 டொலர் அளவில் கிடந்தபோது, ஆர்க் இன்வெஸ்ட் நிறுவனம் ஒரு கணிப்பு வெளியிட்டது. 2026இல் சூம் பங்கு 1,500 டொலராகும், மோசமாகப் போனாலும் 700 என்று. மச்சான் அதைக் குழுவில் போட்டான். நான் அன்றிரவே அம்மாவுக்கு எடுத்துச் சொன்னேன், “பெரிய ஆக்கள் கணக்குப் பார்த்துச் சொல்லியிருக்கினம்” என்று. அது பொய்யில்லை. ஆனால் அதே ஆட்கள் அந்தப் பங்கை நிறைய வைத்திருந்தார்கள் என்பதை நான் சொல்லவில்லை.

2023 பெப்ரவரியில் சூம் 1,300 பேரை, அதாவது ஊழியர்களில் 15 சதவீதத்தை, வேலையிலிருந்து நீக்கியது. அந்த ஓகஸ்டில், அலுவலகத்துக்கு அருகில் வசிக்கும் ஊழியர்கள் கிழமைக்கு இரண்டு நாள் நேரில் வரவேண்டும் என்று சூமே சொன்னபோது எங்கள் குழு முழுக்கச் சிரிப்புப் படங்கள். நானும் ஒன்று போட்டேன். அடுத்த மாதம் செயற்கை நுண்ணறிவு உதவியாளர் வந்தது. அடுத்த நம்பிக்கை. கட்டணம் கட்டுபவர்களுக்குக் கூடுதல் செலவில்லாமல் கொடுத்தார்கள். கூடுதல் கட்டணம் இல்லையென்றால் கூடுதல் வருமானம் எங்கிருந்து வரும் என்று யோசிக்காமல், “பார், இனி ஏறும்” என்றேன்.

கம்பனி தோற்கவில்லை

இங்கேதான் நான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வந்தது இருக்கிறது. சூம் தோற்ற கம்பனி இல்லை. ஏமாற்றிய கம்பனியும் இல்லை. 2020 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் அதன் வருமானம் 623 மில்லியன் டொலர். அடுத்த ஆண்டு 2,651 மில்லியன். 2025 ஜனவரியில் முடிந்த ஆண்டில் 4,665 மில்லியன். அந்த ஆண்டு இலாபமே ஒரு பில்லியன் டொலர். கடன் இல்லை. கையில் 7 பில்லியனுக்கும் மேல் காசு. ஐந்து வருஷத்தில் வியாபாரம் ஏழு மடங்குக்கு மேல் வளர்ந்திருக்கிறது. பங்கு விலையோ, 2020 ஜனவரியில் 76, 2024 நவம்பரில் 83 அளவு.

அதெப்படி? அம்மாவுக்கு விளங்கப்படுத்த நான் ஒரு கடையைச் சொன்னேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

ஒரு புடவைக்கடை. வருஷத்துக்கு ஒரு லட்சம் டொலர் வியாபாரம். இலாபம் இல்லை, மொத்த விற்பனையே அவ்வளவுதான். 2020 ஒக்டோபரில் சூமின் எல்லாப் பங்குகளையும் அன்றைய விலையால் பெருக்கினால் ஏறக்குறைய 160 பில்லியன் டொலர் வரும். அந்த நிதியாண்டு முழுவதும் வந்த விற்பனை 2.65 பில்லியன். அறுபது மடங்கு. அதாவது அந்தப் புடவைக்கடைக்கு நாங்கள் கொடுத்த விலை ஆறு மில்லியன்.

இதைச் சொன்னதும் அம்மா கேட்டா, “ஒரு லட்சத்துக்கு விக்கிற கடைக்கு ஆரும் ஆறு மில்லியன் குடுப்பினமோ? நீ கேக்கேல்லையோ?”

அதுதான் நான் கேட்டிருக்கவேண்டிய கேள்வி. எட்டாம் வகுப்பு வரை படித்த அம்மாவுக்கு ஒரு நிமிடத்தில் வந்தது, முதுகலை படித்த எனக்கு வரவில்லை. கடையில் புடவை நல்லதா, நெசவு எப்படி, கடைக்காரர் எத்தனை தடவை விசாவுக்கு அலைந்தார் என்பதெல்லாம் எனக்கு அத்துபடி. கடையின் விலையை மட்டும் பார்க்கவில்லை.

ஆறு மில்லியன் கொடுப்பவர் எதற்காகக் கொடுக்கிறார்? விற்பனை இப்படியே வருஷாவருஷம் பெருகும் என்று நம்பி. அந்த நம்பிக்கை ஏற்கெனவே விலைக்குள் இருக்கிறது. நான் வாங்கியபோது எனக்கு முன்னால் நின்ற எல்லோருடைய நம்பிக்கைக்கும் சேர்த்துக் காசு கொடுத்தேன். பிறகு கடையும் வளரத்தான் செய்தது. ஒரு லட்சம் ஒன்றே முக்கால் லட்சமாகியது. ஆனால் வளர்ச்சி வேகம் 326 சதவீதத்திலிருந்து 55க்கும், பிறகு 7க்கும், பிறகு 3க்கும் வந்தது. வருஷம் 3 சதவீதம் வளரும் கடைக்கு யாரும் அறுபது மடங்கு கொடுக்கமாட்டார்கள். ஐந்தரை மடங்கு கொடுத்தார்கள். ஒன்றே முக்கால் லட்சத்தின் ஐந்தரை மடங்கு, ஒரு மில்லியனுக்கும் குறைவு. ஆறு மில்லியனுக்கு வாங்கிய கடை.

வேகம் ஏன் குறைந்தது? மூன்று காரணம். ஒன்று, ஐந்து வருஷத்தில் வரவேண்டிய வாடிக்கையாளர்கள் ஐந்து மாதத்தில் வந்துவிட்டார்கள். பிறகு வர ஆட்கள் குறைவு. இரண்டு, அந்த வருஷ வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பத்து ஊழியர்களோ அதற்குக் குறைவாகவோ உள்ள சின்ன வாடிக்கையாளர்களிடமிருந்து வந்தது. யோகா வகுப்புகளும் சங்கீத ரீச்சர்மாரும் அதில் அடக்கம். அவர்களில் பலர் மாதாமாதம் கட்டுபவர்கள், ஊர் திறந்ததும் நிறுத்திவிடலாம். மூன்று, மைக்ரோசொஃப்ட் தன் ஓஃபீஸ் மென்பொருளோடு டீம்ஸையும் சேர்த்தே கொடுத்தது. கூகிள் மீட் 2020இலேயே எல்லோருக்கும் இலவசமானது. சூமின் அடுக்குமுறை வீடியோ இவற்றைவிடத் திறம் என்று நான் எத்தனையோ பேரிடம் வாதாடியிருக்கிறேன். ஆனால் ஏற்கெனவே காசு கட்டிய பெட்டிக்குள் ‘பரவாயில்லை’ என்ற சாமான் ஒன்று இருந்தால், ‘திறம்’ என்ற சாமானுக்குத் தனியாகக் காசு கட்டப் பல கம்பனிகள் விரும்பாது. அலுவலகத்தில் நானே டீம்ஸில்தான் பேசிக்கொண்டிருந்தேன். அதைக்கூட யோசிக்கவில்லை.

அம்மாவுக்குச் சொன்னது

2024 நவம்பரில் சூம் தன் அதிகாரப்பூர்வப் பெயரை மாற்றியது. ‘சூம் வீடியோ கொம்யூனிகேஷன்ஸ்’ என்பதில் ‘வீடியோ’ போய்விட்டது. இனி நாங்கள் வீடியோக் கம்பனி மட்டும் இல்லை என்பது அவர்களின் செய்தி. நல்ல முடிவாகவும் இருக்கலாம். ஆனால் நான் எந்த வீடியோவை நம்பி வாங்கினேனோ, அந்தச் சொல்லைக் கம்பனியே பெயரிலிருந்து எடுத்துவிட்டது. நான் மட்டும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அன்றிரவு கணக்குப் பார்த்தேன். 34 பங்கு. போட்டது ஏறக்குறைய 20,900 கனடிய டொலர். இருந்தது 3,900 சொச்சம். அம்மாவின் 7,000 இப்போது 1,160. 510 டொலர் பங்கு 83 ஆகிவிட்டால், திரும்ப 510 ஆவதற்கு அது ஆறு மடங்குக்கு மேல் ஏறவேண்டும். இவ்வளவு பெரிய கம்பனி, 3 சதவீத வளர்ச்சியோடு. ‘விட்ட காசு வரும்வரை விற்கமாட்டேன்’ என்று நான் இருந்தது பொறுமை இல்லை. விற்றால் அம்மாவுக்குச் சொல்லவேண்டும். அதற்காகத்தான் விற்காமல் இருந்தேன்.

அடுத்த நாள் எல்லாவற்றையும் விற்றேன். ஞாயிற்றுக்கிழமை சூமில் வரவேண்டாம், நான் வீட்டுக்கு வருகிறேன் என்று அம்மாவுக்குச் சொன்னேன். சோபாவில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். 7,000 டொலர் காசோலையை மேசையில் வைத்தேன்.

அம்மா காசோலையைப் பார்க்கவில்லை. எழும்பிப்போய்த் தேத்தண்ணி போட்டா. எனக்கு வயிறு கலங்கியது. திரும்ப வந்து கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னா:

“96ஆம் ஆண்டு சீட்டுக்காரி ஒருத்தி காசோட மாறிட்டாள். எனக்கு நாலாயிரம் போனது. கொப்பாவுக்குச் சொல்லேல்லை. சனிக்கிழமையளில ஓவர்டைம் எண்டு போனது ஞாபகம் இருக்கோ? அதைக் கட்டத்தான். அஞ்சு வருஷம் சொல்லேல்லை.”

எனக்கு அந்தச் சனிக்கிழமைகள் ஞாபகம் இருக்கிறது. அப்போது எனக்குப் பத்து வயது. அம்மாவுக்கு வேலைதான் முக்கியம், நான் முக்கியமில்லை என்று நினைத்துக் கோபித்துக்கொண்டிருந்தேன். காரணம் எனக்கு முப்பத்தெட்டு வயதில்தான் தெரிந்தது.

“காசு போனது போகட்டும்” என்றா அம்மா. “நான் ஒவ்வொரு கிழமையும் கேக்கேக்க, நீ ஏறும் ஏறும் எண்டு சொன்னியே. நான் அதை நம்பி ரெண்டாவது சீட்டுக் காசையும் தரலாமோ எண்டு யோசிச்சனான்.”

என் பொய் அவவுக்கு ஆறுதல் கொடுத்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது அவவுடைய அடுத்த சேமிப்பையும் ஆபத்தில் வைத்திருந்தது.

உங்களுக்குப் பயன்படக்கூடியவை

என் பிழையிலிருந்து நடைமுறைக்கு உதவும் சில விஷயங்கள். கனடாவில் இருப்பவர்களுக்கு முதலில்.

டிஎஃப்எஸ்ஏ கணக்கில் இலாபத்துக்கு வரி இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். நட்டத்தைப் பற்றிச் சொல்வது குறைவு. அதற்குள் வந்த நட்டத்தை வரிக்கணக்கில் காட்ட முடியாது. அதோடு, போட்ட இடமும் போய்விடும். நான் 3,900ஐ வெளியே எடுத்தால் அடுத்த வருஷம் திரும்பக் கிடைக்கும் இடம் அந்த 3,900 மட்டும்தான். மற்ற 17,000 டொலருக்கான இடம் என் வாழ்நாளுக்கும் இல்லை. சாதாரணக் கணக்கில் என்றால், அந்த மூலதன நட்டத்தை மூலதன இலாபத்தோடு கழிக்கலாம், மூன்று வருஷம் பின்னுக்கும், எத்தனை வருஷமானாலும் முன்னுக்கும் கொண்டுபோகலாம். இங்கிலாந்தில் ஐசா கணக்கு வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். அதற்குள் வந்த நட்டத்தை வெளியே கழிக்க முடியாது.

பிள்ளையின் படிப்புச் சேமிப்பான ஆர்இஎஸ்பியில் வருஷம் 2,500 போட்டால் அரசாங்கம் 500 போடும். இருபது சதவீதம், போட்டவுடனேயே. நான் அதை விட்டுவிட்டுப் பங்குக்குப் போனேன். விட்ட வருஷத்தைப் பிறகு பிடிக்கலாம், ஆனால் ஒரு வருஷத்தில் ஒரு பழைய வருஷத்துக்கு மட்டும்தான். உங்களில் யாராவது விட்டிருந்தால் இந்த வருஷமே தொடங்குங்கள்.

மற்றபடி எந்த நாட்டில் இருந்தாலும்: ஒரு சாமான் எங்கள் வாழ்க்கைக்கு உதவியது என்பது அதைப் பாவிக்கக் காரணம். பங்கை எந்த விலைக்கும் வாங்கக் காரணம் இல்லை. வாங்குமுன் மொத்தக் கம்பனிக்கும் என்ன விலை, வருஷ விற்பனை எவ்வளவு என்று ஒருக்கால் பிரித்துப் பாருங்கள். அம்மாவுக்கு ஒரு நிமிடம்தான் எடுத்தது. தனிப் பங்கு வாங்கும் ஆசை இருந்தால், போனாலும் வீட்டில் சொல்லக்கூடிய அளவுக்கு மட்டும் வாங்குங்கள். அந்தக் காசு போனது என்று சொல்ல வாய் வராது என்றால், அது உங்களுக்குப் பெரிய காசு. அம்மா அப்பாவின் சீட்டுக் காசையோ ஓய்வூதியத்தையோ வாங்கி உங்கள் நம்பிக்கையில் போடாதீர்கள். அவர்கள் பங்கை நம்பித் தருவதில்லை, பிள்ளையை நம்பித் தருகிறார்கள்.

மகளுக்கு இப்போது வயது ஒன்பது முடிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து அவளுக்கும் சொன்னேன். விலை, மடங்கு என்று அவளுக்குத் தேவையில்லை. “அப்பா ஒரு பிழை விட்டிட்டன், அப்பம்மாவின்ர காசு போட்டுது, நாலு வருஷம் சொல்லாமல் இருந்தன், இப்ப சொல்லிக் குடுத்திட்டன்” என்றேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்பம்மா பேசினவவோ?” என்று கேட்டாள். இல்லை, தேத்தண்ணி தந்தா என்றேன். “அப்ப நானும் ஒண்டு சொல்லட்டோ?” என்று தொடங்கினாள். பள்ளிக்கூடத்தில் தொலைத்த ஜக்கெட் ஒன்றைப் பற்றி. மூன்று கிழமையாக எங்களிடம் சொல்லவில்லையாம்.

காசோலையை அம்மா ஒரு மாதம் மேசை லாச்சிக்குள் வைத்திருந்தா. பிறகு நான் நச்சரித்ததால் மாற்றினா. அதில் 2,500ஐ, பேத்தியின் படிப்புக் கணக்கில் விட்ட வருஷத்துக்கென்று திருப்பித் தந்தா. வேண்டாம் என்றேன். “உனக்கில்லை” என்றா.

ஞாயிற்றுக்கிழமைகளில் இப்பவும் சூமில்தான் சந்திக்கிறோம். இலவசக் கணக்குத்தான். 40 நிமிடத்தில் அறுந்துவிடும். இரண்டாவது கேள்வி மட்டும் மாறிவிட்டது. “வேற என்ன, தம்பி, சொல்லாமல் வைச்சிருக்கிறாய்?”

அடுத்த மாதம் சந்திப்போம்.